மாற்று இதயத்தோடு டெல்டாவுக்குத் திரும்புகிறவர்களுக்கு

என் தம்பிக்குச் சென்னையில் இதய மாற்று அறுவை நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து மூன்று மாதம் இருந்தோம். பிறகு நீடாமங்கலம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பினோம். வாசலில் ஆரத்தி எடுத்து முடிப்பதற்குள் மூன்று வீட்டிலிருந்து மூன்று தூக்குச்சட்டி வந்துவிட்டது. ஒன்றில் நிலவேம்புக் கஷாயம், இன்னொன்றில் சீந்தில்கொடிக் கஷாயம். மூன்றாவதில், எதிர்ப்புச் சக்தி ஏறட்டும் என்று பெரியம்மா ஏதேதோ மூலிகை போட்டுக் காய்ச்சிய சூப்பு. அவனுக்கு எதிர்ப்புச் சக்தி ஏறவே கூடாது என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது. எனக்கே அது தெரிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

இப்போது ஆறு வருஷம் ஓடிவிட்டது. தம்பி நன்றாக இருக்கிறான். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து புதிதாக இந்த வழிக்கு வருகிறவர்களுக்காக, நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று முடிவு செய்வது உங்கள் மாற்று அறுவைக் குழு மட்டுமே. அவர்கள் சொன்ன அளவு வீட்டில் ஒரு வேளைகூடத் தவறாமல், வேறு எதனாலும் கெடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. அந்த வேலையைப் பற்றித்தான் இது.

முதலில்: எந்த மாத்திரை எதற்கு என்று படியுங்கள்

உடம்புக்கு வெளியாள் யார் என்று பிரித்தறியத் தெரியும். கிருமி வந்தால் அடித்து விரட்டும் அதே ரத்த வெள்ளை அணுக்கள்தான் வேறொருவருடைய இதயத்தையும் வெளியாளாகப் பார்த்துத் தாக்குகின்றன. இதைத்தான் டாக்டர்கள் ரிஜெக்‌ஷன், நிராகரிப்பு என்கிறார்கள். அறுவை எவ்வளவு சுத்தமாக நடந்திருந்தாலும் இந்தத் தாக்குதல் முயற்சி நிற்காது. மாத்திரை அதைத் தடுத்து வைக்கும், அவ்வளவுதான். "அஞ்சு வருஷம் ஆச்சே, இன்னுமா உடம்பு பழகலை?" என்று எல்லோரும் கேட்பார்கள். பழகாது. நாள் போகப்போக அளவு குறையலாம், சிலருக்கு ஸ்டீராய்டு முழுவதுமாக நிறுத்தப்படலாம். ஆனால் எதிர்ப்பை அடக்கும் மருந்து ஏதாவது ஒன்று உயிருள்ளவரை இருக்கும்.

உலகின் முதல் மனித இதய மாற்று 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் செய்தது. அந்த நோயாளி 18 நாள் இருந்தார். புது இதயம் துடித்துக்கொண்டுதான் இருந்தது. நிராகரிப்பைத் தடுக்கக் கொடுத்த மருந்துகளால் எதிர்ப்பு குறைந்து, நிமோனியா வந்து இறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் உலகெங்கும் பல ஆஸ்பத்திரிகள் இந்த அறுவையையே கைவிட்டன. அதை மீட்டுக்கொண்டு வந்தது சைக்ளோஸ்போரின். நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த மருந்து இது. 1983-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று பெரும்பாலானோர் சாப்பிடும் டாக்ரோலிமஸ், 1984-இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்த நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது. சிரோலிமஸ் ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து. மூன்று மருந்தும் மண் தந்தது. மண்ணை நம்பியே பிழைக்கும் எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். இந்தியாவில் முதல் வெற்றிகரமான இதய மாற்று 1994 ஆகஸ்ட் 3-இல் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் தலைமையில் நடந்தது. அதாவது, சரியான மாத்திரை கைக்கு வந்த பிறகு.

பொதுவாக மூன்று மருந்து சேர்ந்து வரும். டாக்ரோலிமஸ் (சிலருக்கு சைக்ளோஸ்போரின்) தாக்கச் சொல்லும் கட்டளை வெள்ளை அணுக்களுக்குப் போய்ச் சேராமல் மறிக்கிறது. மைக்கோஃபினோலேட் அந்த அணுக்கள் பெருகுவதைத் தடுக்கிறது. சிலருக்கு அதன் இடத்தில் அசத்தியோபிரினோ எவரோலிமஸோ இருக்கும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மொத்தக் கொதிப்பையும் தணிக்கிறது. இவற்றோடு காவல் மாத்திரைகள் என்று நான் சொல்லும் ஒரு கூட்டம் உண்டு: கோட்ரைமாக்சசோல், வால்கான்சிக்ளோவிர், வாய்ப்புண் பூஞ்சைக்கான மருந்து, கொழுப்புக்கான ஸ்டாட்டின். எதிர்ப்பு குறைந்திருக்கும் உடம்பில் புகக் காத்திருக்கும் கிருமிகளுக்கு எதிராக முதல் சில மாதங்களுக்கு இவை தருகிறார்கள். ஸ்டாட்டின் மட்டும் தொடர்ந்து இருக்கும். புது இதயத்தின் ரத்தக்குழாய்கள் தடித்துப் போவதைக் குறைக்கவும் அது உதவுகிறது. கொலஸ்ட்ரால்தான் நார்மலாக வந்துவிட்டதே என்று யாரும் அதை நிறுத்திவிட வேண்டாம்.

ஒரு பெரிய அட்டையில் மாத்திரையின் பெயர், மில்லிகிராம், நிறம், நேரம், எதற்கு என்று ஐந்து பத்தி போட்டுத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். நோயாளியே அதைப் பார்க்காமல் ஒப்பிக்கும்வரை விடாதீர்கள். வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்து படுத்தபோதுதான் இதன் அருமை புரிந்தது. தம்பி மனைவிக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடமாக இருந்ததால் ஒரு வேளைகூடத் தப்பவில்லை.

அடுத்து: நேரத்தை ஒரு முறை கட்டினால் மாற்றாதீர்கள்

டாக்ரோலிமஸ் சாதாரண வகையென்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். காலை எட்டு, இரவு எட்டு. அல்லது ஒன்பது, ஒன்பது. உங்கள் வீட்டு ஓட்டத்துக்கு எது தடுமாறாமல் நடக்குமோ அதை எடுங்கள். நாங்கள் ஒன்பதை எடுத்தோம். காலையில் வயலுக்குப் போய்விட்டு வந்து பலகாரம் சாப்பிடும் நேரம் அது. இரவில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். எட்டரைக்கு ஒரு அலாரம், ஒன்பதுக்கு ஒரு அலாரம்.

வெறும் வயிற்றிலா, சாப்பிட்டுவிட்டா என்ற கேள்விக்கு உங்கள் டாக்டர் சொன்னதே விடை. எதுவானாலும் தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எண்ணெய், நெய் அதிகமுள்ள சாப்பாட்டோடு சேர்ந்தால் டாக்ரோலிமஸ் ரத்தத்தில் சேர்வது குறைகிறது. ஒரு நாள் வெறும் வயிற்றில், மறுநாள் கல்யாண விருந்துக்குப் பிறகு என்று மாறினால் ரத்தத்தில் மருந்தின் அளவும், அதாவது லெவலும், ஏறி இறங்கும். மைக்கோஃபினோலேட் கேப்சூலைப் பிரித்துக் கொட்டிக் கொடுக்கக் கூடாது. மாத்திரையை உடைக்கவும் கூடாது. கர்ப்பமாக இருக்கும் பெண்கள், கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் அந்தத் தூளைத் தொடுவதும் கெடுதல், கருவைப் பாதிக்கும். மாற்று இதயம் பெற்ற பெண்ணே குழந்தை பற்றி நினைத்தால், பல மாதங்களுக்கு முன்பே குழுவிடம் பேசி மருந்தை மாற்ற வேண்டியிருக்கும்.

ஏழு நாள், இரண்டு வேளை அறையுள்ள பிளாஸ்டிக் டப்பா வாங்குங்கள். மாத்திரையைப் பட்டையிலிருந்து பிதுக்கி அதில் கொட்டாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்று டாக்ரோலிமஸுக்கு ஆகாது. பட்டையைக் கத்தரிக்கோலால் மாத்திரை மாத்திரையாக நறுக்கி, உறையோடு அறையில் போடுங்கள். கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டு ஜன்னலோரம், அடுப்படி மாடம், டிவி மேல் எல்லாம் சுடும். வீட்டிலேயே குளிர்ச்சியான, வெயில் படாத மர அலமாரி நல்லது.

மறந்துவிட்டால்? ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் அப்போதே போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் மாற்று அறுவைக் குழுவின் கோஆர்டினேட்டருக்குப் போன் செய்து கேளுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரண்டாகப் போடுவது மட்டும் எப்போதும் கூடாது. மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாலும் போன்தான், சொந்த யோசனை வேண்டாம்.

விரதம் இருப்பவர்கள், நோன்பு வைப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஏகாதசிக்குத் தண்ணீர்கூடக் குடிக்காத அம்மாவை, மாத்திரையும் ஒரு வாய் தண்ணீரும் விரதத்தைக் கெடுக்காது என்று ஏற்க வைக்க எங்கள் கோயில் குருக்கள்தான் உதவினார். ரமலானில் சஹர், இஃப்தார் இரண்டுக்கும் நடுவே மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேர இடைவெளி சரியாக அமையாது. நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பது சிறுநீரகத்துக்கும் சுமை. டாக்டரிடமும் உலமாக்களிடமும் சேர்த்துப் பேசி முடிவெடுங்கள்.

ரத்தத்தில் லெவல் பார்ப்பது

வாய்க்கால் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடத் திறந்தால் பயிர் மூழ்கும், இறக்கிவிட்டால் கடைமடை காயும். டாக்ரோலிமஸ் ரத்தத்தில் கூடினால் சிறுநீரகம் கெடும், கை நடுங்கும், தொற்று எளிதில் வரும். குறைந்தால் நிராகரிப்பு. நடுவில் ஒரு குறுகிய அளவுதான் நமக்கு உரியது. முதல் சில வாரங்களில் பொதுவாக மில்லிலிட்டருக்கு 10 முதல் 15 நானோகிராம் வரை வைக்கிறார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு 5 முதல் 10-க்கு இறக்குகிறார்கள். உங்களுக்கான எண்ணை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள்.

நிறையப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். லெவல் என்பது அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்னால், அதாவது முந்தைய மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் பார்ப்பது. பரிசோதனை நாளன்று காலை மாத்திரையைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு லேபுக்குப் போங்கள். ரத்தம் கொடுத்த கையோடு அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். காலையில் மாத்திரை போட்டுவிட்டுப் போனால் எண் பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பி அளவைக் குறைத்துவிடும் ஆபத்து உண்டு. எங்கள் பக்கத்து லேப்கள் ரத்தம் மட்டும் எடுத்து வெளியூருக்கு அனுப்பும். ஊதா மூடி போட்ட குழாயில் எடுக்கிறார்களா என்று பாருங்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு என்று இரண்டையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எப்போதும் ஒரே லேபில் பார்த்தால் எண்களை ஒப்பிட முடியும். கூடவே சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், சர்க்கரை, வெள்ளை அணு எண்ணிக்கையும் எடுப்பார்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் மருந்து எல்லாம் வெளியே போய் லெவல் குறையும் என்றுதான் நானும் நினைத்தேன். டாக்ரோலிமஸ் அதற்கு நேர்மாறு, பேதியின்போது லெவல் ஏறுகிறது. இரண்டு நாள் பேதி என்றாலே குழுவுக்குச் சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது

டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுத்த கம்பெனி மருந்தையே தொடருங்கள். டாக்ரோலிமஸ் ப்ரோகிராஃப், பான்கிராஃப் என்று வெவ்வேறு கம்பெனிப் பெயரில் வரும், எதில் தொடங்கினீர்களோ அதுவே. ஒருமுறை ஒரு மெடிக்கலில் ஸ்டாக் இல்லை. "அதே மருந்துதான் அக்கா, கம்பெனிதான் வேற" என்று கொடுத்தார்கள். நானும் வாங்கிவிட்டேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் லெவல் நன்றாக இறங்கியிருந்தது. அவசரமாகச் சென்னைக்கு ஓடினோம். இதயத்தின் சதையை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி சுத்தமாக வந்தபோதுதான் மூச்சு வந்தது. கம்பெனி மாற்றவே கூடாது என்றில்லை, மாற்றலாம். டாக்டருக்குத் தெரிந்து மாற்ற வேண்டும், மாற்றியதும் லெவல் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. டாக்ரோலிமஸில் நாளுக்கு ஒரு வேளை போடும் வகையும் இருக்கிறது, இரண்டு வேளை வகையும் இருக்கிறது. பெயரும் பெட்டியும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். 0.5 மில்லிகிராம், 1 மில்லிகிராம் குழப்பமும் அப்படித்தான். கடையில் நின்றுகொண்டே, பழைய காலி அட்டையைப் புதியதின் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள்.

கையிருப்பு பதினைந்து நாளுக்குக் குறையும்போதே வாங்கப் புறப்பட வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்கள், அறுவைக்குப் பிந்தைய மருந்து எங்கே, எந்தக் காகிதத்தோடு கிடைக்கும் என்று டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுன்டரில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பணம் இல்லாமல் ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்ப்போம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பணக் கஷ்டம் என்றால் கோஆர்டினேட்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், வழி காட்டுவார்கள்.

அன்போடு வருபவை

இனி நான் சொல்வது இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. எங்கள் ஊரில் மாற்று இதயத்துக்கு வரும் ஆபத்தில் பாதி அன்போடு நீட்டும் கையில்தான் வரும்.

நிலவேம்பு, சீந்தில், கபசுரக் குடிநீர், அமுக்கரா எல்லாம் எதிர்ப்பைத் தூண்டும் என்று கருதப்படுபவை. மற்றவர்களுக்கு அது நல்லதாக இருக்கலாம். நமக்கு, மாத்திரை கட்டிப்போட்டிருக்கும் காவலாளியைத் தட்டி எழுப்புவது போல. டெங்கு வரும் மாதங்களில் தெருமுனையில் நிலவேம்புக் குடிநீர் கொடுக்கும்போது கூட்டத்தோடு நின்று வாங்கிக் குடித்துவிடாதீர்கள். சமையலில் போடும் மஞ்சள் பொடி பாதகமில்லை. மஞ்சள் சத்து என்று விற்கும் கேப்சூல் வேண்டாம், அது டாக்ரோலிமஸை ஏற்றிவிடக்கூடும். பெரியவர்கள் மனம் நோகுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லிப் பழகிய வாசகம்: "டாக்டர் தடுத்திருக்கார் பெரியம்மா. கஷாயம் வேண்டாம், நல்ல மிளகு ரசம் வச்சுக் குடுங்க, சூடா ஊத்திச் சாப்பிடுவான்." பெரியம்மா ரசம் வைத்தார்கள். இன்றும் வைக்கிறார்கள்.

பம்பளிமாஸ் கொல்லையில் காய்க்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. அந்தப் பழமும் அதன் இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட்டும் குடலில் இந்த மருந்துகளைச் சிதைக்கும் நொதியை முடக்குகின்றன. மருந்து சிதையாமல் அப்படியே ரத்தத்தில் குவியும். ஒரு சுளைகூட வேண்டாம். கசப்பு ஆரஞ்சு வகைகளிலும் அதே பொருள் உண்டு என்பதால் கிடாரங்காய், நார்த்தங்காய் ஊறுகாயை நாங்கள் நிறுத்திவிட்டோம். எலுமிச்சை சாதாரண அளவில் பொதுவாகத் தடையில்லை.

இளநீர் பற்றியும் சொல்ல வேண்டும். டாக்ரோலிமஸ் பொட்டாசியத்தை ஏற்றும், இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். நோயாளி என்றாலே இரண்டு இளநீரோடு பார்க்க வருவது நம் பழக்கம். ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சரி என்று சொன்னால் குடிக்கலாம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், அதையும் கேட்காமல் வாங்காதீர்கள்.

அடுத்தது மெடிக்கல் கடை. கால் வலி என்றதும் டைக்குளோஃபினாக், ஐபுபுரூஃபன் நீட்டுவார்கள். டாக்ரோலிமஸோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் மட்டும். அதையும் காய்ச்சலுக்குப் போடும் முன் குழுவுக்குச் சொல்லிவிட்டு. சளிக்கு எழுதும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் லெவலை வேகமாக ஏற்றும். படர்தாமரைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோலும் அப்படியே. வியர்வையும் சேறுமான நம் ஊரில் படர்தாமரை இல்லாத வீடு ஏது? அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன். மறுபக்கம், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாசெபின் லெவலைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். இந்த மருந்துகள் உண்மையிலேயே தேவைப்படும் நேரமும் வரும். அப்போது டாக்ரோலிமஸ் அளவைக் கூட்டிக் குறைத்து, லெவல் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அசத்தியோபிரின் சாப்பிடுகிறவர் யூரிக் அமிலத்துக்கு அலோபியூரினால் சாப்பிட்டால் வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்கு விழும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மருந்து மைக்கோஃபினோலேட் சேர்வதைக் குறைக்கும், ஒன்றாகக் குடிக்க வேண்டாம்.

எங்கள் வீட்டுச் சட்டம் எளிது. புதிதாக எந்த மாத்திரையானாலும், எந்த டாக்டர் எழுதியிருந்தாலும், சீட்டைப் படம் எடுத்துக் கோஆர்டினேட்டருக்கு அனுப்பிப் பதில் வந்த பிறகுதான் வாயில் போடுவது.

பக்க விளைவுகள்

முகம் நிலா போல வீங்கும், பசி பிடுங்கும், தூக்கம் வராது, சட்டென்று கோபம் வரும். இவையெல்லாம் பிரெட்னிசோலோன் வேலை. அதைக் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் தூக்கம் கொஞ்சம் நன்றாக இருக்கும். சர்க்கரை இல்லாதவருக்கும் சர்க்கரை வரலாம், எலும்பு தேயலாம். தம்பி முதல் இரண்டு மாதம் எரிந்து எரிந்து விழுந்தான். மருந்து பேசுகிறது என்று நாங்கள் புரிந்துகொண்டோம். முகம் வீங்குகிறதே என்று அதைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருப்பதால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பைக் குறைத்து வைத்திருக்கும். டாக்ரோலிமஸுக்குக் கைநடுக்கம், தலைவலி, முடி உதிர்தல். சைக்ளோஸ்போரினுக்கு முடி அதிகம் வளர்வதும் ஈறு தடிப்பதும். பல ஆண்டுகள் போகும்போது தோல் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் வாய்ப்பு கூடும். வயலில் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு அல்லது தொப்பி. உடம்பில் புதுக் கட்டியோ ஆறாத புண்ணோ தெரிந்தால் காட்டிவிடுங்கள்.

நிராகரிப்பு எப்படித் தெரியும்

பல நேரம் தெரியாது. அதுதான் சிக்கல். மாற்றும்போது இதயத்தின் நரம்புகள் அறுபடுவதால், புது இதயம் வலியைச் சொல்லாது. வழக்கமான நெஞ்சுவலியை எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாது. நாடித்துடிப்பும் சும்மா இருக்கும்போதே 90, 100 என்று இருக்கும், நடந்தால் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அது இயல்பு. பயப்பட வேண்டாம். எழுந்ததும் ஓடாமல் கொஞ்சம் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நடக்கப் போகச் சொல்வதும் இதற்காகத்தான்.

தினமும் காலையில் எடை, ரத்த அழுத்தம், நாடி, உடல் சூடு நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவோ ஏறுவது, கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, நேற்று ஏறிய மாடிப்படி இன்று ஏற முடியாத அசதி, நாடி தாறுமாறாகத் துடிப்பது, ரத்த அழுத்தம் திடீரென இறங்குவது, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் காய்ச்சல். இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அன்றே போன். விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைக்கும் என்பதால், சூடு இல்லாமலே நடுக்கம் வந்தாலும் சொல்லுங்கள்.

அறிகுறி வரும் முன்பே பிடிக்கத்தான் பயாப்ஸி. கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை விட்டு, வலது கீழறையிலிருந்து கடுகளவு சதையை எடுத்துப் பார்ப்பார்கள். முதலில் வாராவாரம், பிறகு இடைவெளி கூடும். முடிவு 0R, 1R, 2R, 3R என்று வரும். 0R என்றால் நிராகரிப்பு இல்லை, 1R லேசானது, 2R அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் மூன்று நாள் ரத்தக்குழாய் வழியாக மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை ஏற்றுவார்கள். நாங்கள் ஒருமுறை 2R பார்த்தோம். அப்போது மாத்திரை ஒன்றும் தவறியிருக்கவில்லை. சரியாக நடந்துகொண்டவர்களுக்கும் இது வரும். யார்மேல் தப்பு என்று வீட்டுக்குள் சண்டை போட்டு நாளைக் கடத்தாமல் கிளம்புங்கள்.

சேறு, வைக்கோல், கூட்டம்

மருந்து மண்ணிலிருந்து வந்ததுதான். ஆனால் முதல் ஓராண்டு மண்ணிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். குறுவை நடவுச் சேற்றில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல், மண்ணிலிருந்து பரவும் மெலியாய்டோசிஸ், பாதம் வழியே ஏறும் புழு, மூன்றுக்கும் வழி. பிறகும் டாக்டர் அனுமதித்தால் மட்டும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, காலில் புண் இல்லாதபோது. களத்துத் தூசி, பூஞ்சை பிடித்த வைக்கோல்போர், கோழிக்கூடு, புறாக்கழிவு இவற்றில் உள்ள பூஞ்சை நுரையீரலில் இறங்கும். அறுப்பு நடக்கும் நாளில் தம்பி வீட்டுக்குள்தான். அப்பாவுக்கு அது பெரிய மனக்கஷ்டமாக இருந்தது, இப்போது கணக்கு வழக்கைத் தம்பி பார்க்கிறான்.

தண்ணீர் கொதிக்க வைத்து ஆற்றியது. பழைய சோறு முதல் ஆண்டு வேண்டாம், இரவு முழுக்க வெளியில் கிடந்த சோறு அது. திருவிழா நீர்மோர், பானகம், நறுக்கி வைத்த பழம் வேண்டாம். நண்டும் மீனும் நன்றாக வெந்ததுதான். வேளாங்கண்ணி, நாகூர் கந்தூரி, தேரோட்டம் எல்லாவற்றுக்கும் கூட்டம் கலைந்த பிறகு, முகக்கவசத்தோடு.

தடுப்பூசியில் உயிருள்ள கிருமி வகை நோயாளிக்குக் கூடவே கூடாது. ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும் போடுவது உண்டு, நிமோகாக்கஸ் ஊசி பற்றியும் கேளுங்கள். வீட்டில் கைக்குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தால், சில வாரங்கள் குழந்தையின் மலத்துணியை நோயாளி தொடக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டா எப்படிக் கிடந்தது என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மரம் விழுந்து சாலை இல்லை, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாளில் மாற்று இதயத்தோடு இருக்கும் ஒருவர் மெடிக்கலைத் தேடி எங்கே போவார் என்ற நினைப்பில்தான் எங்கள் வீட்டு ஏற்பாடு தொடங்கியது. அக்டோபர் தொடங்குவதற்குள் ஒரு மாத மாத்திரை கையில் இருக்கும். அதில் பதினைந்து நாளுக்கானது மட்டும் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், மருந்துச் சீட்டு நகலோடு, பரண்மேல். தேதி முடியாமல் மாதாமாதம் பழையதை எடுத்துப் புதியதை வைப்போம். பவர் பேங்க், பேட்டரி டார்ச், பழைய மாடல் தெர்மாமீட்டர் கூடவே.

பரிசோதனைக்கு உழவன் அல்லது மன்னை எக்ஸ்பிரஸ் ரயிலில் சென்னைக்குப் போகும்போது மாத்திரைப் பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளாதீர்கள், தோளிலேயே இருக்கட்டும். இரவு மாத்திரை நேரம் பயணத்தை ஒட்டி வரும், தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்து. மறுநாள் காலை மாத்திரை ரத்தம் கொடுத்த பிறகு என்பதால், அலாரம் அடித்தாலும் கைப்பழக்கத்தில் போட்டுவிடாமல் அன்று மட்டும் அலாரத்தின் பெயரை "ரத்தம் முதலில்" என்று மாற்றிவிடுவேன்.

கடைசியாக, சட்டைப்பையில் ஒரு அட்டை

நள்ளிரவில் மயங்கி விழுந்தால் முதலில் போய்ச் சேர்வது திருவாரூர், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்திலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்கோதான். அங்கே பணியில் இருக்கும் இளம் டாக்டர் மாற்று இதயம் பெற்றவரை அதுவரை பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதனால் லேமினேட் செய்த ஒரு அட்டை எப்போதும் நோயாளியிடம் இருக்கட்டும். எங்கள் தம்பியின் அட்டையில் இருப்பது, அவனுடைய டாக்டர் பார்த்துத் திருத்திக் கொடுத்தது:

"எனக்கு இதய மாற்று அறுவை நடந்திருக்கிறது. டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறேன். எந்த வேளையும் நிறுத்த வேண்டாம். வாந்தி எடுத்தால் ஸ்டீராய்டை ஊசியாகத் தரவும். மாற்று இதயத்துக்கு நரம்பு இல்லை: நெஞ்சுவலி வராமலே மாரடைப்பு வரலாம், துடிப்பு குறைந்தால் அட்ரோபின் வேலை செய்யாது, அடினோசின் கொடுத்தால் மிகக் கடுமையாக வேலை செய்யும். டைக்குளோஃபினாக், ஐபுபுரூஃபன் தர வேண்டாம். ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால் முதலில் கீழே உள்ள எண்ணுக்குப் பேசவும்."

அதற்குக் கீழே கோஆர்டினேட்டர் எண், என் எண், தம்பி மனைவி எண். மூன்றில் எதற்கு எப்போது அடித்தாலும் எடுப்போம்.